கொம்புக்காயில் சுற்றிய நூல்

கோவில்பட்டி,
மாசி 21, வியாழக்கிழமை.

அன்பு மகள் கற்பகத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும், மொட்டைமாடியில் உன் அம்மா விட்டுப்போன செடிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். சலாலாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி விஜியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கச் செண்பகவல்லி அம்மன் துணை நிற்கட்டும்.

தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, முழங்கால் எப்படி இருக்கு என்று நாலு கேள்வி வந்துவிடும், நாலுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் விஜிக்குப் பள்ளிக்கூட வண்டி வந்துவிடும். எனக்கு ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை, குறுக்கே பேச ஆளில்லாமல், சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. நாகலாபுரம் இசக்கிராஜா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்புகிறான். மாப்பிள்ளையோடு துறைமுகத்தில் வேலை பார்க்கிற பையன்தானே, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ இதை வாசிக்கும்போது நான் எதிரே இருக்க மாட்டேன் என்பதும் ஒரு சௌகரியம்தான்.

முதலில் வீட்டுச் சங்கதி. அம்மாவின் வருஷத் திவசம் தை மாதம் குறைவில்லாமல் நடந்தது. இடைசெவலிலிருந்து உன் தாய்மாமன் திருப்பதி வந்திருந்தான். நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. வந்தவர்கள் எல்லாரும் மகள் வரலையா, மகள் வரலையா என்று கேட்டார்கள், அத்தனை பேருக்கும் நான் பதில் சொன்னேன், அதையும் சரி என்றே வைத்துக்கொள்கிறேன். வீட்டு முன்பக்கக் கடையைக் காலையில் மட்டும்தான் திறக்கிறேன். வைண்டிங் வேலை முன்போல இல்லை, எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். ஆனாலும் நாற்பத்தாறு வருஷம் முன்னால் யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கம்பி எத்தனை சுற்று, எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு என்று நானே எண்ணி எழுதிவைத்துக் கற்றுக்கொண்ட தொழில். எனக்கு வாத்தியார் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை, காரணமாகத்தான் சொல்லுகிறேன்.

நீ சித்திரையில் வருவதற்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வருவதற்கு எந்தத் தகப்பனாவது கலங்குவானா? நான் கலங்கினேன். நீ வந்ததும் நேரே மாடிக்குத்தான் ஓடுவாய். அம்மாவின் கடைசி விதையில் முளைத்த செடிகளைப் பார்க்க வேண்டும், ஒன்றை என் கையால் தொட்டியில் மாற்றி வைக்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கற்பகம், வீடியோவில் நீ பார்த்த அந்த இருபது கன்றுகளும் அம்மாவின் விதையில் வந்தவை அல்ல. கழுகுமலை போகிற வழியில் இருக்கிற ஒரு நர்சரியில் நான் வாங்கிவந்தவை. அம்மாவின் விதைகளை நான் தொலைத்துவிட்டேன். எழுதியாகிவிட்டது. இனி எப்படித் தொலைத்தேன் என்பதைப் பொறுமையாக வாசி.

உன் அம்மா அந்தச் செடியை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்தாய். சைக்கிளில் செடி விற்றுவந்தவனிடம் வாங்கினாள். அடினியம் என்று அவன் சொன்னான், பாலைவன ரோஜா என்றும் சொன்னான். ரோஜாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அடித்தண்டு பூசணிப் பிஞ்சு மாதிரி உப்பி, மேலே நாலு குச்சி, குச்சி முனையில் ரோஸ் நிறத்தில் ரெண்டு பூ. இதைப் போய் வாங்கியிருக்கியே என்றேன். இந்த ஊர் வெயிலுக்கு இதுதான் தாங்கும் என்றாள். எந்த மண்ணில் வைப்பது என்று பேச்சு வந்தது. நான்தான் கரிசல் மண் போடு என்றேன். அவள் மணல் கலக்கணும்னு செடிக்காரன் சொன்னான் என்றாள். பருத்தி விளைகிற மண்ணில் விளையாத செடி உலகத்தில் உண்டா என்று சண்டை போட்டு, இடைசெவலிலிருந்து உன் தாத்தா புஞ்சையின் மண்ணை ரெண்டு சாக்கு அள்ளிவந்து, நானே தொட்டியில் நிரப்பிக் கொடுத்தேன். ஐப்பசியில் மழை பெய்தது. கரிசல் ஒரு தடவை குடித்தால் பத்து நாளைக்கு ஈரத்தை விடாது என்பது உனக்குத் தெரியும். செடியின் அடி அழுகி, விரலால் தொட்டால் வெந்த கிழங்கு மாதிரி உள்ளே போயிற்று. அவள் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. அழுகலை வெட்டி எடுத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, மிச்சத்தை நிழலில் ஒரு வாரம் வெறுமனே போட்டுவைத்து, செங்கல் துண்டும் மணலும் கொஞ்சம் மட்கிய சாணியும் கலந்து திரும்ப நட்டாள். பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் வடுவோடு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான்.

அதிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. ஒன்று பத்தாயிற்று, பத்து நூற்றுக்கு மேல் போயிற்று. வெள்ளை, கருஞ்சிவப்பு, ஓரத்தில் மட்டும் சிவப்பு, அடுக்குப் பூ, எனக்குப் பெயர் தெரியாத ரகமெல்லாம் வந்து சேர்ந்தது. எங்கிருந்து இத்தனை வருகிறது என்று நான் கேட்டதில்லை. ஆட்டுக்குப் பயந்து வேலி கட்ட வேண்டியதில்லை, தண்டில் வடிகிற அந்த விஷப் பாலை எந்த ஆடும் வாயில் வைக்காது என்று அதற்கும் ஒரு பெருமை அவளுக்கு. காலையில் காபி குடித்த தம்ளரைக் கழுவி வைத்ததும் மேலே போவாள், ஒவ்வொரு செடியின் அடித்தண்டையும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவாள். கல் மாதிரி இருந்தால் தண்ணீர் வேண்டாம், கொஞ்சம் இளகினால் தண்ணீர், ரொம்ப இளகினால் கத்தி. அவ்வளவுதான் அவள் வைத்தியம். வெள்ளிக்கிழமைதோறும் தொட்டிகளைக் கால் சுற்று திருப்பி வைப்பாள், ஒரு பக்கமே வெயில் வாங்கினால் தண்டு கோணிப்போகுமாம். வருஷத்துக்கு ஒருதரம் தொட்டி மாற்றும்போது செடியை முன்னைவிட ஒரு விரல் உயரத்தில் தூக்கி வைப்பாள். போன வருஷம் மண்ணுக்குள் இருந்த வேர் இந்த வருஷம் வெளியே தெரியும். நீ சலாலாவிலிருந்து மலைச்சரிவில் தானாக வளர்ந்து நிற்கிற அந்த ராட்சசச் செடியின் போட்டோ அனுப்பினாயே, அதைப் பிரிண்ட் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியவள் அவள். யாரும் தண்ணி ஊத்தாம நிக்கி பாருங்க என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வைத்ததோடு நின்றுவிட்டது. அந்த போட்டோவைத்தான் மாலை போட்டு மாட்டியிருக்கிறோம்.

அவளுக்கு முடியாமல் போவதற்கு ஒன்றரை மாதம் முன்பு, வெள்ளை அடுக்குப் பூவையும் கருஞ்சிவப்பையும் சேர்த்துவைத்தாள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வாங்கிய மருந்து வைக்காத குச்சியை ஊசியாகச் சீவி, ஒரு பூவைக் கிழித்து மகரந்தத்தை எடுத்து, மற்றதன் அடியில் வைப்பாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வாள். பத்தில் ஒன்று பிடிக்கும். அந்தத் தடவை பிடித்துக்கொண்டது. ஒரே காம்பில் ரெண்டு காய், கன்றுக்குட்டியின் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து நின்றது. இதில் வருகிற நிறம் உனக்கு என்று உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. என்னிடம் சொல்லாததற்கு யார் மேல் குற்றம் என்று நீயே யோசித்துக்கொள்.

அவள் போய் ஒன்றரை மாதம் கழித்து, பங்குனியில் ஒரு மத்தியானம் மாடிக்குப் போனேன். அதுவரை நான் தண்ணீர் ஊற்றியதோடு சரி, எதையும் உற்றுப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கொம்புக்காய் கண்ணில் பட்டது. மோட்டார் சுருளை இறுக்கிக் கட்டுகிற என் வெள்ளை நூலை எடுத்து, காயின் அடியிலிருந்து நுனி வரை சுற்றியிருந்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. காய் பழுப்பாகிக் கிடந்தது, நூலுக்கு இடையில் தோல் பிளந்து உள்ளே வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. நான் என்ன நினைப்பேன்? சுருளில் கட்டு அதிகமாக இறுகினால் உள்ளே சூடு ஏறிப் பூச்சு உரியும், நாற்பத்தாறு வருஷம் பார்த்த விஷயம். கட்டு இறுகிக் காய் வெடித்திருக்கிறது, வெடிப்பில் மாவுப்பூச்சி கூடு கட்டியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பக்குவமாக, ஒரு சுற்று அறாமல், நூலை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பூச்சிக்கு அடிக்க வேப்பெண்ணெய் எடுத்துவரக் கீழே இறங்கினேன். வாசலில் ஒருவர் மோட்டாரோடு நின்றார், அவரோடு கால் மணி நேரம் போயிற்று. திரும்பி மேலே வந்தால் காய் ரெண்டும் வாயைத் திறந்து ஓடம் மாதிரி வெறுமனே நின்றது.

எருக்கங்காய் வெடித்தால் என்ன ஆகும் என்று இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரியாதா? இதுவும் அந்த ஜாதிதான். ஒவ்வொரு விதைக்கும் இரண்டு நுனியிலும் பட்டுப் பஞ்சு. அது பறந்துவிடக் கூடாது என்றுதான் நூல். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது, துண்டைப் போட்டுப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றிலும் விதை இல்லை. அன்றைக்கு அடித்தது கீழ்க்காற்று. அவ்வளவும் மேற்கே போய்விட்டது. மேற்கே யார் வீடு என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் நீ போனில், காய் வெடிச்சிருச்சாப்பா, விதை எடுத்தாச்சா என்று கேட்டாய். எடுத்து வைத்திருக்கிறேன் என்று வாயில் வந்துவிட்டது. ஒரு பொய் சொன்னால் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விதை போட்டாச்சா என்றாய், போட்டாச்சு என்றேன். கொஞ்ச நாள் கழித்து, முளைச்சிருச்சா, காட்டுங்க என்றாய். மறுநாளே பஸ் ஏறி, விரல் நீளக் கன்றாக இருபது வாங்கிவந்து, அம்மாவின் பழைய தொட்டிகளில் வைத்துக் காட்டினேன். நீ அழுதாய். விஜி எல்லாவற்றிலும் தடியானதற்குக் குண்டு என்று பேர் வைத்தாள். நான் போனைத் திருப்பி வானத்தைக் காட்டினேன், சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தேன். பிள்ளையிடம் பொய் சொன்னவன் முகத்தை நீ பார்க்க வேண்டாம் என்றுதான்.

இனிமேல்தான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம். விதை எந்தத் திசையில் போயிற்று என்று தெரிந்த அன்றைக்கே மேற்கே ஒட்டியிருக்கிற மேல்வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். பதினோரு மாதம் கேட்கவில்லை. தங்கப்பாண்டியன் வீட்டுப் படியை மிதிப்பதில்லை, அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது என்று ஒன்பது வருஷம் முன்னால் நான் சொன்னது நீ அறிந்ததுதான். ஒட்டின வீட்டில் வைண்டிங் கடைக்காரன் இருக்க, தன் போர்வெல் மோட்டாரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, என் கடை வாசல் வழியாகவே இன்னொருத்தன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போன மனுஷன். ஊரே பார்த்தது. அதை எப்படி மறப்பது? நீயும் அம்மாவும் எத்தனையோ தடவை சொன்னீர்கள். நான் மறக்கவில்லை. ஆனால் நீ டிக்கெட் போட்ட பிறகு, இந்த நர்சரிக் கன்றுகளை உன் முன்னால் வைத்து இவைதான் என்று நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. போனில் வருகிற பொய் வாசலில் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி, அவர் கேட்டைத் திறந்தேன்.

தங்கப்பாண்டியன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு நேற்றுத்தான் பேசிப் பிரிந்த மாதிரி, “வாங்க அண்ணாச்சி, இருங்க” என்றார். உள்ளே திரும்பி, “ஏட்டி, செம்புல தண்ணி கொண்டா, அண்ணாச்சி வந்திருக்காவ” என்று கத்தினார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் கல்யாணசுந்தரி, “எந்த அண்ணாச்சி?” என்றாள். “கீழ்வீட்டு அண்ணாச்சிட்டி” என்றார். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, உங்களிடம் ஒன்று கேட்க வந்தேன், அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்கு நீங்கள் செய்தது தப்பு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மோட்டார் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அட, அதுக்கா? அன்னைக்கு உங்க கடை பூட்டிக்கெடந்துதுல்லா அண்ணாச்சி. நீங்க கழுகுமலைக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போயிருந்தீங்க. நான் ரெண்டு வாட்டி வந்து பாத்தேன்” என்றார். ரெண்டு நாளில் வந்திருப்பேனே, பொறுத்திருக்கலாமே என்றேன். “பங்குனி வெயில்ல ரெண்டு நாளு தண்ணி இல்லாமலா? வீட்டுல பதினோரு பேரு அண்ணாச்சி. உங்க வைராக்கியத்துக்கு நாங்க குளிக்காமக் கெடக்கணுமா?” என்றார். கல்யாணசுந்தரி தண்ணீர்ச் செம்போடு கதவில் நின்று, “குளிக்காம இருந்திருந்தா அதுக்கும் கோவிச்சிருப்பாவ, நாத்தம் அடிக்கின்னு” என்றாள். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் வந்து எங்கே போயிருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது இன்றைக்கும் என் கட்சி. ஆனால் அன்று நான் ஊரில் இல்லை என்பது எனக்கு நினைவில் இல்லை, அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேட்க வந்ததைக் கேட்டேன். போன பங்குனியில் உங்கள் மாடிப்பக்கம் பஞ்சு ஏதும் பறந்து வந்ததா என்று. கல்யாணசுந்தரி செம்பைக் கீழே வைத்தாள். “இப்பமாவது கேட்டீங்களே” என்றாள். மாடிப்படி ஏறினாள், நானும் பின்னால் போனேன். அவள் மாடியின் கிழக்கு மூலையில், நம் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வரிசையாக ஏழு தொட்டி. முழங்கை உயரம், அடித்தண்டு கைமுட்டி அளவு. அன்றைக்கு அவள் மோர்மிளகாய் பாயில் காயப்போட்டிருந்தாளாம். நனைந்த மிளகாயில் பஞ்சோடு விதை வந்து ஒட்டியிருக்கிறது. “பாத்ததும் தெரிஞ்சிட்டு. மைனி சுத்திவச்ச நூலை அவிய அவுத்துட்டாவன்னு. பதினாலு வெத பொறுக்குனேன், ஏழு நின்னுது” என்றாள். மைனி என்றது உன் அம்மாவை. அம்மா சுற்றிய நூல் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அந்தப் பூவ நாங்க ரெண்டு பேரும்லா சேத்துவச்சோம். வெள்ள உங்க மாடி, செவப்பு எங்க மாடி. கொப்ப வளச்சுப் புடிச்சது நான், குச்சி புடிச்சது மைனி” என்றாள்.

கற்பகம், ஒன்பது வருஷமும் நான் கடைக்குப் போனதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற வரை, உன் அம்மா சுவருக்கு இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நம் மாடியில் இருக்கிற செடிகளில் பாதி அந்த மாடியிலிருந்து வந்த ஒட்டு. எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்காததற்குப் பதில் அது. அந்தப் பெருமழை மார்கழியில், தொட்டிகளைச் சாய்த்துப் போட்டு நானும் உன் அம்மாவும் நனைந்துகொண்டே நீலத் தார்பாயை இழுத்துக் கட்டினோமே, அந்தத் தார்பாய் கடையில் கிடந்தது என்று அவள் சொன்னாள், நானும் நம்பினேன். “அது எங்க பெயிண்ட் கடைத் தார்பாய்லா” என்கிறார் தங்கப்பாண்டியன். இத்தனைக்கும் மேலே, உனக்கும் இது தெரியுமாமே. நீ போன் போட்டால் சுவருக்கு மேலே போனை வைத்து மூன்று பேரும் பேசுவீர்களாமே. நான் எப்போதாவது கண்டுபிடித்துவிட்டால் என்று இவள் பயந்தபோது உன் அம்மா சொன்னாளாம், “அவியளுக்குக் கோவம் ஒரு வேலை சுந்தரி. கடையவிட அதுதான் ஒழுங்கா நடக்கு. அத நாம எதுக்குக் கெடுக்கணும்” என்று. இதைச் சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. நான் அந்த ஏழு செடியில் முதல் செடியின் அடித்தண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் மாதிரி இருந்தது.

உனக்குத் தெரிந்திருந்தும் நீ ஏன் சொல்லவில்லை, விதை என்ன ஆயிற்று என்று இவளிடம் ஏன் கேட்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அதையும் கேட்டேன். அவள் நம்பர் உன்னிடமும் உன் நம்பர் அவளிடமும் இல்லையாம், அம்மா போனில்தான் பேசினார்களாம், அந்த போன் என் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. ஏன் இத்தனை நாள் நீங்களே வந்து சொல்லவில்லை என்றேன். “வந்தா நீங்க கதவச் சாத்துவீங்க. சாத்துனாலும் பரவாயில்லன்னு ரெண்டு நாளு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க மாடியில அந்தச் சின்னக் கன்னுகளுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தீங்க. என்னமோ வளக்காவ, வளக்கட்டும்னு திரும்பிட்டேன்” என்றாள். எடுத்துக்கொண்டு போங்க, ஏழும் மைனியோடது என்றாள். நான் எடுக்கவில்லை. பாதி அவள் செடியில் வந்த காய், மண்ணும் அவள் மண், வெயிலும் அந்த மாடி வெயில். இடம் மாற்றினால் மொட்டு உதிர்ந்துபோகும். ஆம், ஒன்றில் மொட்டு வந்திருக்கிறது, பச்சையாக இருக்கிறது, என்ன நிறம் என்று இன்னும் சொல்லவில்லை. நீ வரும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். காபி கொடுத்தார்கள். குடித்தேன். சர்க்கரை கூடுதல். நான் மன்னிப்புக் கேட்டதாகக் கல்யாணசுந்தரி உன்னிடம் சொன்னாலும் சொல்லுவாள், நம்பாதே. அவர்கள் மோட்டார் சத்தம் சரியில்லை, பேரிங் போயிருக்கிறது, கழற்றிக் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன் என்றுதான் சொன்னேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். நீ என்னிடம் ஒன்பது வருஷம் மறைத்தாய், நான் உன்னிடம் பதினோரு மாதம் மறைத்தேன். கணக்குப் பார்த்தால் யார் அதிகம் என்று நீயே சொல். ஆனால் உன்னுடையதில் யாரும் அழவில்லை, என்னுடையதில் நீ போனைப் பிடித்துக்கொண்டு அழுதாய், அது எனக்குத் தெரிகிறது. அது என் தப்புதான். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த நர்சரிக் கன்றுகளை என்ன செய்வது என்று நீ வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபதில் மூன்று போயிற்று, பதினேழு இருக்கிறது. வாங்கும்போது உன்னை ஏமாற்றத்தான் வாங்கினேன். ஆனால் ஆடிக்காற்றில் தொட்டிகள் உருளாமல் செங்கல் அணை கொடுத்தேன். ஐப்பசி மழையில் தினமும் இந்த முழங்காலோடு ஒவ்வொன்றாகக் கடைக்குள் இறக்கி, மோட்டாருக்கு வார்னிஷ் காயவைக்கிற குண்டு பல்பை எரியவிட்டு அதன் வெக்கையில் வைத்தேன். எதற்கு எப்போது தண்ணீர், எது இளகுகிறது என்று என் கட்டைவிரலுக்கு இப்போது தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. குண்டு நன்றாக இருக்கிறான், விஜியிடம் சொல். அவை உன் அம்மாவின் செடிகள் அல்ல, அதில் இனிமேல் மாற்றமில்லை. நான் வளர்த்தவை. மேல்வீட்டுக்குப் போகிற வழியில் அவற்றையும் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போ.

செடியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பால் விஷம், விஜியிடம் இப்போதே சொல்லிப் பழக்கு. மாப்பிள்ளை வெயிலில் வேலை பார்க்கிறவர், மோர் நிறையக் குடிக்கச் சொல். இதை வாசித்ததும் போன் போடாதே, திட்டுவதை நேரில் வந்து திட்டு, உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். வரும்போது நம் வீட்டுக்கு வாங்குகிற சாம்பிராணியில் மேல்வீட்டுக்கும் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கி வா. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
பூவனலிங்கம்.